மொய் நோட்டும் ஷெல் ஸ்கிரிப்டும்

மனைவி கைக்குழந்தையோடு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டால் ஓர் ஆண்பிள்ளை என்ன செய்வான் என்பதற்கு உலகத்தில் ஒரு கெட்ட முன்னுதாரணம் இருக்கிறது. 1969 கோடைக்காலம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், மர்ரே ஹில், பெல் ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த கென் தாம்ஸனின் மனைவி, ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தாரைப் பார்க்கக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார். நம் ஊர் வழக்கப்படி தாம்ஸன் முதல் வாரம் ஓட்டலில் சாப்பிட்டு, இரண்டாவது வாரம் வயிறு கெட்டு, மூன்றாவது வாரம் "எப்ப வர்றே?" என்று போன் போட்டிருக்க வேண்டும். அந்த மனிதரோ, யாரும் அதிகம் சீண்டாமல் கிடந்த பிடிபி-7 என்ற கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம், இயங்குதளத்தின் கருவுக்கு ஒரு வாரம் என்று பங்கு பிரித்து எழுதி முடித்துவிட்டார். அதுதான் யூனிக்ஸ். உங்கள் சட்டைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அதன் பூர்விகத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அந்த மூன்று வாரத்தில்தான் போய் முட்டும்.

என் மனைவி தாய்வீடு போயிருந்தபோது நான் சாதித்தது, கேஸ் அடுப்பில் எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று கண்டுபிடித்தது. அதிலும் ஒன்று சந்தேகத்தில் இருக்கிறது.

தாம்ஸனோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிச்சல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் பழைய லேப்டாப் விண்டோஸின் பாரம் தாங்காமல் பெருமூச்சு விட ஆரம்பித்தபோது, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் அதில் யூனிக்ஸின் வழிவந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். "எல்லாமே மவுஸ்லயே செய்யலாம் மாமா. அந்தக் கறுப்பு ஜன்னலை மட்டும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். குடும்பத் தலைவன் ஒருவனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் உண்டென்றால் அதுதான்.

கறுப்பு ஜன்னல் என்றால் டெர்மினல். அதற்குள் உட்கார்ந்து நாம் அடிப்பதைப் படித்துப் புரிந்துகொண்டு, கம்ப்யூட்டரை வேலை வாங்குகிற ஆசாமிக்குப் பெயர் ஷெல். என் லேப்டாப்பில் இருப்பது பேஷ். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதிக் கொடுத்தது, இன்றுவரை சம்பளமில்லாமல் உழைக்கிறது. இதன் முதல் நன்மை கௌரவம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடினால், எதிர்வீட்டுக்காரர் நம் ஜன்னலைக் கடக்கும்போது நடையைத் தளர்த்துகிறார். நான் செய்துகொண்டிருப்பது எல்எஸ் என்று அடித்து, ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் பார்ப்பது. அதையே திரும்பத் திரும்பச் செய்வேன். அவருக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் கவுண்ட்டவுன் நடக்கிற தோரணை. என் மனைவிக்கு மட்டும் இந்த மயக்கம் ஏற்படவில்லை. "என்னங்க, டிவி மாதிரி இதுலயும் படம் போயிடுச்சா?" என்றாள்.

கட்டளைகளின் பெயர்களைப் பார்த்தால் எழுதியவர்கள் மகா கஞ்சர்கள் என்று தோன்றும். பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம். எல்லாம் இரண்டே எழுத்து. காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டளை அடிக்கப் பெரும்பாலும் திரை கிடையாது. டெலிடைப் 33 என்ற தட்டச்சு இயந்திரத்தில்தான் அடிக்க வேண்டும், பதிலும் அதிலேயே காகிதத்தில் வரும். விநாடிக்குப் பத்து எழுத்து வேகம். விசைகளை விரலால் அழுத்தினால் போதாது, தோளிலிருந்து இறக்க வேண்டும். பத்து நிமிஷம் அடித்தவன் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கமாட்டான். யூனிக்ஸை மறுபடி எழுத வாய்த்தால் எதை மாற்றுவீர்கள் என்று பிற்பாடு தாம்ஸனைக் கேட்டார்கள். நிரல்கள் இயங்குதளத்தை அழைக்கும் 'க்ரியேட்' என்ற பெயரில் விட்டுப்போன கடைசி எழுத்தைச் சேர்த்துக்கொள்வேன் என்றாராம். இப்போது விசைப்பலகை வெண்ணெயாகிவிட்டது, பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. நாற்பது வயதில் கண்ணாடி போட்டவனுக்கு எல்எஸ்ஸின் முதல் எழுத்தும், ஒன்று என்ற எண்ணும், பெரிய எழுத்து ஐயும் ஒன்றேபோல் தெரிவது தனிக்கதை.

இன்னொரு குணம் மௌனம். ஒரு கட்டளை வெற்றிகரமாக முடிந்தால் ஷெல் ஒன்றுமே சொல்லாது. 'நகலெடுத்தாயிற்று', 'வாழ்த்துகள்', ஒரு பச்சை டிக், எதுவும் கிடையாது. அடுத்த வரியில் கர்ஸர் வந்து கண்சிமிட்டும், அவ்வளவுதான். தப்பானால் மட்டும் வாயைத் திறக்கும். விண்டோஸில் வளர்ந்தவர்கள் இதில் மிரண்டுபோய் அதே வேலையை இன்னொரு தடவை செய்வார்கள். எனக்கு இது முதல் நாளே பழகிவிட்டது. எங்கள் வீட்டில் சாம்பாரைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை என்றால் சாம்பார் பிரமாதம் என்று அர்த்தம்.

மௌனத்துக்குள்ளும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடிந்தபின் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து, எழுதிக் காட்டும் எக்கோ கட்டளையிடம் கொடுத்தால் அது தெரியும். பூஜ்யம் என்றால் வெற்றி. 1 முதல் 255 வரை எது வந்தாலும் தோல்வி. 'இதென்ன தலைகீழ் மார்க்' என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் நியாயம்தான். ஒரு வேலை உருப்படியாக முடிவதற்கு ஒரே வழிதான் உண்டு. சொதப்புவதற்கு 255 வழி. அவற்றில் பெரும்பாலானவற்றை எங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேரிலேயே நான் செய்து காட்டியிருக்கிறேன்.

விசைச் சுருக்கங்களுக்கு வருகிறேன். ஷெல்லைக் கற்க விரும்புகிறவர்கள் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் கற்க வேண்டியது இவற்றைத்தான் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதை அக்கா மகனிடம் கேட்க வேண்டாம்.

உலகமெல்லாம் பழகிய விசைகளுக்கு இங்கே அர்த்தம் வேறு. கன்ட்ரோல்-சி காப்பி எடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். கன்ட்ரோல்-இசட் செய்ததை ரத்து செய்யாது. வேலையைத் தூங்கவைக்கும், எஃப்ஜி என்று அடித்தால் அது எழுந்து வரும். எல்லாவற்றிலும் விஷமம் கன்ட்ரோல்-எஸ். சேமித்துவிடலாமே என்ற நல்லெண்ணத்தில் அதை அழுத்தினால் திரை உறைந்துவிடும். எதை அடித்தாலும் ஓர் எழுத்துகூட விழாது. டெலிடைப் காலத்தில் 'கொஞ்சம் பொறு, அனுப்பாதே' என்று சொல்லுகிற சைகை அது. கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விடுதலை. இதிலொரு சங்கதி. உறைந்திருக்கும்போது நாம் அடிப்பதெல்லாம் காணாமல் போவதில்லை, உள்ளே வரிசையில் காத்திருக்கும். நான் கோபத்தில் லேப்டாப்பின் மூதாதையரைப் பற்றிச் சில வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் என்ட்டரும் தட்டியிருந்தேன். க்யூ அழுத்தியதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு வசவுக்கும் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று ஷெல் நிதானமாகப் பதில் சொன்னது.

உருப்படியானவை நாலைந்துதான். டேப் விசையை முதலில் சொல்ல வேண்டும். ஃபைல் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்துவிட்டு டேப்பைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். ஒரே மாதிரி ஆரம்பிக்கும் பெயர்கள் பல இருந்தால் இன்னொரு தட்டு தட்ட வேண்டும், எல்லாவற்றையும் விரித்துக் காட்டும். அடுத்தது மேல்நோக்கிய அம்பு. அழுத்த அழுத்த முந்தைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். மூன்றெழுத்துக் கட்டளையைத் தேடி அம்பை முப்பது தடவை அழுத்தும் பெருந்தன்மையான சோம்பேறிகளின் இனத்தில் நானும் ஒருவன். அதற்குத்தான் கன்ட்ரோல்-ஆர். அதை அழுத்தி, ஞாபகத்திலிருக்கும் ஒரு துண்டை அடித்தால், போன வாரம் அடித்த அரைமுழ நீளக் கட்டளை முழுதாக எழுந்து வந்து நிற்கும். ஷெல்லில் ஒன்றே ஒன்றைத்தான் கற்பேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். ஆல்ட்டும் முற்றுப்புள்ளியும் சேர்ந்தால் போன கட்டளையின் கடைசிச் சொல் மறுபடி வரும். கன்ட்ரோல்-ஏ வரியின் தலைக்கும், கன்ட்ரோல்-இ வாலுக்கும் கொண்டுபோகும். இவை இரண்டும் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் கொண்டுவந்த சீதனம்.

கன்ட்ரோல்-டபிள்யூ அடித்த கடைசிச் சொல்லை ஒரே விழுங்காக விழுங்கும். மிக நல்ல விசை, டெர்மினலுக்குள் இருக்கிறவரை. விரல்களுக்கு எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று தெரியாது. மனைவிக்காகத் தட்கல் டிக்கெட் போடுகையில் பயணியின் பெயரில் ஒரு பிழையைத் திருத்த அதே விசையைத் தட்டினேன். பிரௌசரில் அந்த விசை பக்கத்தையே மூடிவிடும். தட்கலில் இழந்த நிமிஷம் போன ஜென்மம். பஸ்ஸில்தான் போனோம். செங்கல்பட்டு தாண்டும்வரை அவள் பேசவில்லை. இந்த மௌனத்தின் எண் பூஜ்யமல்ல.

எல்எஸ் என்று அடிக்க வேண்டியதை எஸ்எல் என்று தடுமாறி அடிப்பவர்களுக்காகவே ஒரு நிரல் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த டொயோடா மசாஷி 1993-ல் எழுதியது. திரையின் வலப்பக்கமிருந்து எழுத்துகளாலான ஒரு நீராவி ரயில் புகைவிட்டபடி புறப்பட்டு இடப்பக்கம் போய் மறையும். முழுதும் போகிறவரை கன்ட்ரோல்-சிக்கும் அசையாது, பார்த்தே தீர வேண்டும். அக்கா மகன் இதையும் போட்டுவைத்திருந்தான். வாரத்துக்குப் பலமுறை எங்கள் கூடத்தில் ரயில் போகிறது. "இது ஒண்ணுதாங்க அதுல உருப்படி" என்பது வீட்டம்மாவின் மதிப்பீடு. தட்கல் போடாமல் வருகிற ரயில் என்பதாலும் இருக்கலாம்.

தினமும் அடிக்கிற கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, ஃபைலின் பெயரைச் சொன்னால் அவை வரிசையாக ஓடும். அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். கேட்க எளிது. எழுத உட்கார்ந்தால் ஷெல்லின் மடி ஆசாரம் தெரியவரும். ஒரு பெயருக்கு (மாறி என்பார்கள்) மதிப்புக் கொடுக்கும்போது பெயர், சமக்குறி, மதிப்பு மூன்றும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விட்டால் பெயரைக் கட்டளை என்று நினைத்து, 'அப்படி ஒன்று இல்லையே' என்னும். சரி, ஒட்டி உறவாடுவதுதான் மரபு போலும் என்று சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனையை ஒட்டி எழுதினால் அங்கே கலகம், இடைவெளி விட்டே தீர வேண்டும். ஏனென்றால் அந்த இடப்பக்கச் சதுர அடைப்பு வெறும் குறி இல்லை, அதுவே ஒரு கட்டளை. சிஸ்டத்தின் ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் அந்தக் குறியையே பெயராகச் சூடிக்கொண்டு ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் யாரிடமாவது சொல்லத் துடித்தேன். வீட்டில் அன்று வேலைக்காரம்மா வரவில்லை. கேட்பாரில்லை.

நிபந்தனையை 'இஃப்' என்று தொடங்கினால் அதைத் திருப்பிப்போட்டு 'ஃபி' என்று முடிக்க வேண்டும். 'கேஸ்' என்று தொடங்கினால் 'எஸாக்'. இந்தக் கண்ணாடி வித்தை ஸ்டீபன் போர்ன் கொண்டுவந்தது. அவருக்கு ஆல்கால் 68 என்ற மொழியில் அபார ஈடுபாடு. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த தம் ஷெல்லில் அதன் பாணியைப் புகுத்தினார். அந்தக் கணக்குப்படி 'டூ' என்று தொடங்குவதை 'ஓடி' என்று முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை குடியிருந்ததால் 'டன்' என்று சமரசம் செய்துகொண்டார். குடியிருப்பவரைக் காலி செய்ய முடியாது என்பது யூனிக்ஸுக்கும் தெரிந்திருக்கிறது.

புகைப்படங்களுக்கு வீட்டார் வைக்கும் பெயர்களோடு இந்த ஆசாரம் ஒத்துப்போவதே இல்லை. 'பாப்பா காதுகுத்து மாமா மடி' என்று மகள் ஒரு படத்துக்குப் பெயர் வைத்திருந்தாள். ஷெல்லுக்கு இடைவெளிதான் எல்லை, ஆகவே பாப்பா ஒரு ஃபைல், காதுகுத்து ஒரு ஃபைல், மாமா ஒரு ஃபைல், மடி ஒரு ஃபைல். நான்கையும் காணோம் என்று நான்கு புகார். மேற்கோள் குறிக்குள் அடைத்தால்தான் குடும்பம் ஒன்றாக இருக்கும். ஸ்கிரிப்டில் வரும் ஒவ்வொரு மாறியையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்பதைப் பெரியவர்கள் ஏன் தலையிலடித்துச் சொல்கிறார்கள் என்று அன்று புரிந்தது.

இத்தனை வித்தையும் கைவந்த நேரத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் என் பக்கம் ஒன்று, மனைவி பக்கம் ஒன்று. இரண்டிலும் வருகிறவர்களுக்கு இரண்டு பத்திரிகை போய்விடக் கூடாது. "பென்சில் குடுங்க, நான் பார்த்துடறேன்" என்றாள். ஐந்நூறு பேரையா? பென்சிலாலா? யூனிக்ஸ் எதற்கு இருக்கிறது? இரண்டு பட்டியலையும் உட்கார்ந்து தட்டச்சு செய்து இரண்டு ஃபைலாக்கினேன். எத்தனை இரவு ஆயிற்று என்பதைப் பதிவு செய்ய விரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் யூனிக்ஸின் மணிமகுடமான பைப் வருகிறது. ஒரு கட்டளை கக்குவதை அடுத்த கட்டளையின் வாயில் நேராக ஊற்றுகிற ஏற்பாடு. ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். டக் மெக்கில்ராய் என்பவர் 1964-லேயே, நிரல்களைத் தோட்டத்துக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று திருகி மாட்ட வழி வேண்டும் என்று குறிப்பு எழுதிவைத்தார். தாம்ஸன் இருந்த பிரிவுக்குத் தலைவரே அவர்தான். கேட்டார், நச்சரித்தார், விடாமல் நச்சரித்தார். வருஷங்கள் போயின. 1973 வாக்கில் தாம்ஸன் ஒரே ராத்திரியில் செய்துகொடுத்தார். இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னபோது, பால்கனியில் கொடிக்கயிறு கட்டும் விஷயத்தைத் தற்செயலாக ஞாபகப்படுத்தினாள்.

பைப்பின் மகிமைக்கு ஒரு சாட்சியும் உண்டு. 1986-ல் ஜான் பென்ட்லி தம் பத்திரிகைப் பத்திக்காக, ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணும் நிரல் எழுதும்படி டொனால்ட் கனூத்தைக் கேட்டார். கம்ப்யூட்டர் உலகின் மகாவித்வான் அவர். பக்கம் பக்கமாக, ரத்தினம் பதித்ததுபோல் எழுதினார். மதிப்புரை எழுதவந்த மெக்கில்ராய், பாராட்டிவிட்டு, ஆறு கட்டளைகளைப் பைப்பால் கோத்து அதே வேலையைச் செய்து காட்டினார். அதில் இரண்டு கட்டளைகள் சார்ட்டும் யுனிக்கும். வரிசைப்படுத்த சார்ட், இரட்டையை நீக்க யுனிக். அடுத்தடுத்து நின்றால்தான் யுனிக்குக்கு இரட்டை என்று தெரியும். ஆகவே முதலில் சார்ட் செய்துவிட்டு அதன் வாயில் ஊற்ற வேண்டும். 'டி' என்ற சேர்க்கையைப் போட்டால் இரட்டைகளை மட்டும் காட்டும்.

அடித்தேன். என்ட்டர் தட்டினேன். ஐந்நூறு பேரில் மூன்று பேர் வந்தார்கள்.

"மூணா? நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா மூணு பேர்தானா?" என்றாள். முழுப் பட்டியலையும் விரிக்கச் சொல்லித் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது யாரு, 'எஸ். ராமசாமி'?"

"எங்க ஆபீஸ் சீனியர்."

"இந்த 'ராமசாமி எஸ்'?"

"தெரியலையே. உன் லிஸ்ட்ல இருந்து வந்தது."

"ரெண்டும் ஒரே ஆள்தான். உங்க சீனியர் எங்க சித்திக்குக் கொழுந்தன் முறை. நம்ம கல்யாணத்துக்கே ரெண்டு பக்கத்துலயும் வந்து சாப்பிட்டவர்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. என் பட்டியலில் 'கரூர் மாமா' என்றிருந்தவர் அவள் பட்டியலில் 'எல்ஐசி அண்ணன்'. என் 'மாடி வீட்டு டீச்சர்' அவளுக்குப் 'பத்மா அக்கா'. ஷெல்லைக் குறை சொல்ல முடியாது. அதற்கு எழுத்துதான் தெரியும், ஆளைத் தெரியாது. தமிழ் எழுத்தைக்கூட அது பார்க்கிற விதம் வேறு. எண்ணிச் சொல்லும் கட்டளையிடம் 'அம்மா' என்ற சொல்லைக் கொடுத்தால் 15 பைட் என்று சொல்லும். யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் கால் குறியும் தனித்தனிக் குறிகள். இந்த முறையையும் அதே தாம்ஸன்தான், ராப் பைக் என்ற நண்பரோடு 1992-ல் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேஜையில் விரித்திருந்த தாளில் வரைந்து உருவாக்கினார். அவர் ஓட்டலுக்குப் போனாலும் வெறும் சாப்பாட்டோடு வந்ததில்லை.

வரிசையிலும் வம்பு. சார்ட் வேகமாக ஓடட்டும் என்று மொழி அமைப்பை வெறும் 'சி' என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால் யூனிகோட் எண் வரிசைதான் சட்டம். அந்த எண்வரிசையில் நகரத்தை அடுத்து உடனே றன்னகரம் நிற்கிறது. ஆகவே கனகா முன்னால், கமலா பின்னால். அரிச்சுவடி படித்த யாருக்கும் மகரம் முந்தி, றன்னகரம் கடைசி என்று தெரியும். "கமலா அத்தை பேரைக் காணோம், விட்டுட்டீங்க" என்று அவள் பதறியபோது, அத்தை இருக்கிறார், ஆனால் சர்வதேசத் தரத்தின்படி கீழே இருக்கிறார் என்று விளக்கினேன். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று.

கடைசியில் அவள் பீரோவிலிருந்து புதுமனை புகுவிழா மொய் நோட்டை எடுத்து வந்தாள். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பென்சில், எதிரே சீரியல். சீரியலில் மாமியார் மயக்கம் போட்டு விழுவதற்குள் இரட்டைகளை அடித்து முடித்ததோடு, இரண்டு பட்டியலிலும் இல்லாத பத்துப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துவிட்டாள். எனக்கு ரோஷம். காம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. வரிசைப்படுத்திய இரண்டு ஃபைல்களைக் கொடுத்தால் முதலாவதில் மட்டும் இருப்பவர், இரண்டாவதில் மட்டும் இருப்பவர், இரண்டிலும் இருப்பவர் என்று மூன்று பத்தியாகப் பிரித்துத் தரும். மொய் நோட்டை இரண்டாவது ஃபைலாகக் கொடுத்தால் அவள் செய்ததையே அதுவும் செய்யும் என்றேன்.

"செய்யுமா? அப்ப மொய் நோட்டை யாரு டைப் அடிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு பெல் ஆய்வுக்கூடத்திலும் விடை இருந்திருக்காது. அப்புறம், யார் மொய் வைக்காமலே நாலு நாள் அடுப்படியில் நின்று வேலை செய்தார்கள் என்பது நோட்டிலேயே கிடையாது. விட்டுப்போனவர்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கட்டளை யூனிக்ஸில் இல்லை.

தோல்வியை ஒப்புக்கொள்வது குடும்பத் தலைவனுக்கு அழகல்ல என்பதால், அடுத்து கிரானைப் பிடித்தேன். குறித்த நேரத்தில் குறித்த வேலையை ஓட்டுகிற ஏவலாள் அது. ஐந்து கட்டம் நிரப்ப வேண்டும்: நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை. ஞாயிறு காலை தொட்டி கழுவ வேண்டும், இரண்டு மாதத்துக்கொரு முறை கரண்ட் பில் கட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் லேப்டாப் மணி அடிக்கும்படி செய்தேன். மனைவி ஆர்வமாகிவிட்டாள். அதுவே பெரிய விஷயம். "அமாவாசைக்கு ஞாபகப்படுத்துமா? பிரதோஷம்? கிருத்திகை?" என்றாள். கிரானுக்கும் ஐந்து கட்டம், பஞ்சாங்கத்துக்கும் ஐந்து அங்கம். ஆனால் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தில் கிரானுக்குத் தெரிந்தது கிழமை ஒன்றுதான். சந்திரனை அது பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு, தேதியையும் கிழமையையும் சேர்த்துக் குறித்தால் இரண்டில் எது வந்தாலும் ஓடிவிடும். '13-ம் தேதி, அதுவும் வெள்ளியாக இருந்தால்' என்று நினைத்து எழுதினால் எல்லா வெள்ளியும் மணி அடிக்கும். லேப்டாப் மூடியிருந்தால் மூச்சே விடாது, அப்புறம் திறந்தாலும் 'நேற்று விட்டுப்போச்சு' என்று சொல்லாது. சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதுவரை ஹேங் ஆனதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களும் கறுப்பு ஜன்னலைத் திறக்கப்போகிறீர்கள் என்று தெரியும். திறங்கள். ஆர்எம் என்ற ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான். 2011-ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் நிரலின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு பாதையின் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. விரல் தவறித் தட்டிய ஒரே ஓர் இடைவெளி. அதை நிறுவியவர்களின் சிஸ்டத்தில் யுஎஸ்ஆர் என்ற ஃபோல்டரே துடைத்தெடுக்கப்பட்டது. முக்கால்வாசி நிரல்கள் வசிக்கும் இடம் அது. 2015-ல் ஸ்டீம் விளையாட்டு நிரலின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாகப் போக, 'இந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அழி' என்பது 'ஆணிவேரிலிருந்து எல்லாவற்றையும் அழி' என்று ஆகிவிட்டது. எழுதியவருக்கே உள்ளுக்குள் உதைத்திருக்கிறது. அந்த வரிக்கு மேலேயே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். பயந்தவர் நிறுத்தியிருக்கலாம்.

1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் இருந்த இடத்தில் யாரோ அழிக்கும் கட்டளையை ஓடவிட்டார்கள். பாத்திரங்களின் தொப்பி போயிற்று, காலணி போயிற்று, பிறகு பாத்திரங்களே போயின. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால் அது வேலையே செய்யவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் ஸஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தையோடு இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார், அதனால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஆர்எம் வருகிற வரி எதை எழுதினாலும், அதன் முன்னால் எக்கோ என்ற சொல்லைப் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று மட்டும் எழுதிக் காட்டும். படித்துப் பார்த்து வயிறு கலங்காவிட்டால் எக்கோவை எடுத்துவிடலாம். இன்னொன்று, குடும்பப் புகைப்படங்களின் நகல் ஒன்றை இந்த வாரமே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு உங்கள் வீட்டுக்கு வெளியே வேறு யார் வீட்டிலாவது வையுங்கள். சம்பந்தி வீடானாலும் பரவாயில்லை.